மூன்று சிலிண்டர் தூக்கம்

கனகசெட்டிக்குளம் தாண்டினால் சைபுன்னிசா தூங்கிவிடுவாள். காலாப்பட்டு வரைக்கும் பேசிக்கொண்டுதான் வருவாள். குழாயில் தண்ணீர் வராதது, மகள் ஆஸிஃபாவின் மாமியார் பிரியாணியில் குற்றம் கண்டுபிடித்தது, பக்கத்து வீட்டுப் பூனை மறுபடியும் தங்கள் மாடிப்படிக்கு அடியிலேயே குட்டி போட்டது என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போகும் பேச்சு. அப்புறம் வாக்கியங்களுக்கு நடுவில் சந்து விழும். முந்தானையை இழுத்துக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொள்வாள். கூனிமேட்டு டீக்கடையில் வேன் நிற்கும்போது தலை கதவுப்பக்கம் சாய்ந்திருக்கும். வேனை ஓட்டுகிற அவள் கணவர் ஹபீப் முஹம்மது எக்கி, கண்ணாடிக்கும் அவள் தலைக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்துச் செருகுவார். அவளுக்கு அது தெரியவே தெரியாது.

பாய் லைன் போடுகிறார் என்று சொல்வார்கள். கோட்டக்குப்பத்து பேக்கரியிலிருந்து பன், ரஸ்க், வருக்கி, தேங்காய் பிஸ்கட் எல்லாவற்றையும் டிரே டிரேயாக ஏற்றிக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் ஈ.சி.ஆர். ரோட்டில் மரக்காணம் வரைக்கும் இருக்கிற டீக்கடைகளுக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சவுதியில் இருபது வருஷத்துக்கு மேல் கம்பெனி பஸ் ஓட்டியவருக்கு இது பெரிய வேலையில்லை. வேன் பழசு. ஒரு கன்னியர் மடத்திலிருந்து வாங்கியது. பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அவர்களே கிழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் வெயில் படாத இடம் மட்டும் தனி நிறமாக, 'மாதா' என்ற எழுத்தை இன்னமும் காட்டிக்கொண்டிருந்தது. ஹபீப் முஹம்மது அதைச் சுரண்டவில்லை. லைன் முழுக்க அதற்கு மாதா வேன் என்றே பெயர் விழுந்துவிட்டது. தாடியும் தொப்பியுமாக ஒருவர் அதிலிருந்து பன் இறக்குவதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

அந்த மாதிரி வேனில் எஞ்சின் மூக்கில் இருக்காது. முன்சீட்டுகளுக்கு அடியில் இருக்கும். சீட்டை மடக்கித் தூக்கினால் எஞ்சின்தான். மேலே உட்கார்கிறவர்கள் சோறு வடித்து இறக்கிய அடுப்பு மேடையில் உட்கார்ந்தது போல உட்கார வேண்டும். வெயில் காலத்தில் யாரும் விரும்ப மாட்டார்கள். மேலும் அது மூன்று சிலிண்டர் எஞ்சின். ஒரு கால் குட்டையான நாற்காலிக்கு ஓர் ஆட்டம் இருக்குமே, அப்படி ஓர் ஆட்டம் அதற்கு எப்போதும் உண்டு. நின்றால் ஆடும், ஓடினால் முனகும். இந்த ஆட்டத்துக்கும் முனகலுக்கும் சூட்டுக்கும் மேலே உட்கார்ந்துதான் சைபுன்னிசா தூங்கினாள்.

வேறெங்கும் அவளுக்குத் தூக்கம் கிடையாது. ஹபீப் முஹம்மது சவுதியை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகுதான் இது அவருக்கே தெரிந்தது. லீவில் வந்த காலங்களில் எப்போது கண் முழித்தாலும் அவள் முழித்திருப்பதைப் பார்த்து, தான் வந்திருக்கிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டவர்தான் அவர். ஆண்களுக்கு இந்த மாதிரி நினைப்புக்கெல்லாம் பஞ்சமே இல்லை. ஒரேயடியாக வந்து தங்கி, நோன்பு ஒன்று வந்து போய், பெருநாளும் முடிந்த பிறகுதான் சந்தோஷத்துக்கு இவ்வளவு நாள் தாங்காதே என்று சந்தேகம் தட்டியது. பாண்டியில் டாக்டரிடம் காட்டினார். மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு தலை ஈரக் கோணி மாதிரி கனக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டாள். கசகசாப் பால் குடித்தாள். ஓதி ஊதின தண்ணீர் குடித்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காகக் குடித்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். பக்கத்தில் ஹபீப் முஹம்மது தலையணையில் தலை பட்டதும் குறட்டை விடுகிற ஆள்.

ஒருநாள் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டுத் திரும்ப நேரமாகிவிட்டது. அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினால் டீக்கடைக்காரர்கள் திட்டுவார்கள் என்று அப்படியே ஏற்றிக்கொண்டு லைனுக்கு வந்தார். அனுமந்தை கிட்டே திரும்பிப் பார்த்தால் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. முகத்தில் இத்தனை வருஷத்தில் அவர் பார்த்தேயிராத ஒரு சின்னப் பெண் இருந்தாள். பாஞ்சாலையின் டீக்கடையில் நிறுத்தி சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கிய அந்த நொடியே கண்ணைத் திறந்துவிட்டாள். மறுநாளும் கூட்டிவந்தார். அன்றைக்கு எங்கேயும் எஞ்சினை அணைக்கவில்லை.

லைனில் எல்லோருக்கும் இது பழகிப்போயிற்று. மாதா வேன் வந்து நின்றால் டீக்கடையில் ரேடியோவைக் குறைப்பார்கள். சத்தம் போட்டுப் பேசுகிறவனைப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் தட்டுவான். பாஞ்சாலை கடையை விட்டுத் தானே வந்து, "அக்கா தூங்குதா?" என்று உதட்டால் மட்டும் கேட்டு டிரேயை வாங்கிக்கொள்வாள். கடைசிக் கடை முடிந்த பிறகு ஹபீப் முஹம்மது திரும்ப மாட்டார். காலி டிரேக்களோடு உப்பளத்து ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போவார். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு வானம். வானத்துக்கு நடுவில் வரப்பு போட்டு ஆட்கள் நடந்து போவதைப் போலத் தெரியும். தூரத்தில் வெள்ளைக் குவியல்கள். அனல் எழும்பி அந்தக் குவியல்கள் தரையை விட்டுச் சற்று மேலே நிற்கிற மாதிரி ஆடும். அங்கே வேனை உருட்டிக்கொண்டு போகும்போது, தான் ஓட்டுகிறோமா, யாரோ காணும் கனவுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறோமா என்று அவருக்கே சில சமயம் நிச்சயமில்லாமல் இருக்கும். அந்த நேரம் அவருக்குப் பிடித்திருந்தது. கல்யாணம் செய்த நாளிலிருந்து அவளுக்காக எதையாவது முழுதாகச் செய்கிறோம் என்று அவர் உணர்ந்தது அந்த ரோட்டில்தான்.

எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆயில் குடித்தது, புகை விட்டது. டிரே நிறைந்திருந்தால் பாலம் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசித்தது. அவர் ஊற்ற வேண்டியதை ஊற்றி, இறுக்க வேண்டியதை இறுக்கி, காதில் விழாத மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாசி முடிகிற சமயம் ஒருநாள் உப்பளத்து நடுவில் ஓர் உலுக்கு உலுக்கி அது நின்றேவிட்டது. சைபுன்னிசா கண்ணைத் திறந்தாள். ஓர் உப்பு லாரிக்காரர்தான் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் அர்ச்சுனனின் ஷெட்டில் விட்டார்.

அர்ச்சுனனின் ஷெட்டுக்கு மூன்று பக்கம்தான் தகரம். நாலாவது பக்கம் உப்பளம். உப்புக்காற்று தின்ற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எந்த வண்டி வந்தாலும் முதலில் அடியில்தான் படுப்பான். அன்றைக்கும் படுத்தான். எஞ்சினைத் தாங்குகிற இரும்பை விரலால் தட்டினான். அது பொரபொரவென்று உதிர்ந்தது.

"பாய், இங்க பாருங்க. நீங்க விக்கிற வருக்கி மாதிரியே அடுக்கடுக்கா வருது."

"எஞ்சின் எப்படிப்பா இருக்குது? அதச் சொல்லு."

"அதுக்கு இனிமே வைத்தியம் கெடையாது. சிலிண்டரக் கடைஞ்சு, பிஸ்டன், ரிங்கு மாத்தி எல்லாம் போடலாம். போட்டா வர்ற பெருநாளு வரைக்கும் ஓடும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க தள்ளணும்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "நான் சொல்றதக் கேளுங்க. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒண்ணு போட்டுடலாம். இதவிடப் பெருசு. இடிபட்ட வண்டியில எறக்கினது புதுப்பேட்டைல நல்லதா கெடைக்குது. பேப்பரோட வாங்கி, ஆபீஸ்ல காட்டி ஆர்.சி.ல ஏத்திக்கலாம். அடியில புது இரும்பு வச்சு வெல்டிங் பண்ணிடறேன். டிரே நெறைய ஏத்திக்கினு பாலத்துல பறக்கலாம் பாய். சத்தமே இருக்காது. உள்ள ஒக்காந்தா வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியாது."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். ஹபீப் முஹம்மது திரும்பி சைபுன்னிசா உட்கார்கிற சீட்டைப் பார்த்தார். ஷெட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்த சைபுன்னிசாவிடம், வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது விஷயத்தைச் சொன்னார். கடைசியில், "சத்தம் இருக்காதாம்," என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நல்லதுதானே," என்றாள். வேறு என்ன செய்ய முடியும்? வண்டி ஓடினால்தான் பிழைப்பு. வேறு வண்டி வாங்கினாலும் இதே கதைதான், இப்போது வருகிற வண்டி எதுவும் முனகுவதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். அந்த வேனிலும் தூக்கம் போய்விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் தூங்குவதற்கு வேறு இடம் இல்லை. அதை இருவரில் ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

வேன் ஷெட்டில் கிடந்த நாட்களில் தெரிந்தவரின் லோடு ஆட்டோவில் லைன் போட்டார். அதில் டிரைவருக்கே உட்கார இடம் கம்மி. வீட்டில் சைபுன்னிசா கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தாள். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அது பொங்கி வழிந்த பிறகும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸிஃபா போனில், "அம்மாவுக்கு என்னாச்சு அத்தா, பாதி பேச்சுல நின்னுடுறாங்க," என்று கேட்டாள். இவரால் எஞ்சின் மாத்தறோம்மா என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒருநாள் அவளையும் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய எஞ்சின் இறங்கியிருந்தது. ஒரு டயரின் மேல் அதை உட்கார வைத்திருந்தான் அர்ச்சுனன். வெளியில் எடுத்துப் பார்த்தால் அது ரொம்பச் சின்னதாக இருந்தது. இதற்குள்ளிருந்தா அத்தனை சத்தம் என்று தோன்றியது. வேனின் முன்சீட்டுகள் மடங்கி நின்றன. அவற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஓட்டை வழியாக ஷெட்டின் மண் தரை தெரிந்தது. ஒரு கோழி அந்த வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. சைபுன்னிசா கொஞ்ச நேரம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீட்டை இறக்கிப் போடச் சொல்லி, ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தாள். காலுக்குக் கீழே வெறும் காற்று. உப்பளத்துப் பக்கமிருந்து வந்த அந்தக் காற்று வேனுக்குள் புகுந்து புடவையை உப்ப வைத்தது. கண்ணை மூடினாள். அர்ச்சுனன் ஸ்பானரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, ஏதோ கடையில் கேட்ட பொருள் இல்லை என்று தெரிந்தவளைப் போல இறங்கிவிட்டாள்.

"இது எங்க போவும் தம்பி?" என்று டயர் மேலிருந்த எஞ்சினைக் காட்டிக் கேட்டாள்.

"காயலான் கடைக்குத்தான்க்கா. அலுமினியம், இரும்பு தனித்தனியா பிரிச்சுடுவாங்க."

ஹபீப் முஹம்மதுவுக்கு அன்றைக்குப் பார்த்து அர்ச்சுனன் மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது.

புது எஞ்சினை உட்கார வைப்பது லேசான காரியமில்லை. கியர் பெட்டி இதற்குத் தக்கதாக வேண்டும், ரேடியேட்டர் பெரியதாக வேண்டும், ஒயரிங் முழுக்க வேறு. அடி இரும்பைப் புதிதாகச் செய்து வெல்டிங் வைத்து, துருப்பிடிக்காமல் இருக்கத் தார் பூசி, அந்தக் குறுகல் சந்துக்குள் எஞ்சினைக் கீழிருந்து ஏற்றி, அர்ச்சுனன் உயிரை விட்டு வேலை செய்திருந்தான். பிஸ்மில்லா சொல்லி சாவியைத் திருப்பியபோது ஹபீப் முஹம்மது ஏமாந்துபோய் இரண்டாவது தடவையும் திருப்பப் பார்த்தார். அர்ச்சுனன் பாய்ந்து கையைப் பிடித்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதாம். ரோட்டில் விட்டால் தண்ணீரில் விட்ட தோணி. பாலத்தில் நிஜமாகவே பறந்தது. எண்பதைத் தொட்டும் டிரேயில் ஒரு ரஸ்க்கூட அசையவில்லை. நல்ல வேலை என்பதில் சந்தேகமே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் நாள் சைபுன்னிசா கை சிவக்க மைலாஞ்சி இட்டுக்கொண்டு கிளம்பினாள், ஏதோ விசேஷத்துக்குப் போகிறவளைப் போல. காலாப்பட்டு தாண்டியது. கனகசெட்டிக்குளம் தாண்டியது. முந்தானையைக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டாள். கூனிமேட்டில் அவர் துண்டைச் செருகினார். பாஞ்சாலை மெல்ல நடந்து வந்து உதட்டால் கேட்டாள். அவரும் தலையாட்டினார். ரேடியோவைக் குறைத்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். ஆனால் அவளுடைய வாய் மூடியே இருந்தது. ஹபீப் முஹம்மதுவுக்குத் தெரியும், நிஜத் தூக்கத்தில் அது மூடியிருக்காது. அவருக்காகத் தூங்குகிறாள். அவளுக்காகத்தான் அவரும் அதை நம்புகிறார். இருவருக்காகவும் ரோடு முழுக்க ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். உப்பளத்து ரோட்டில் ஆள் அரவமில்லாத இடத்தில் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனுஷன் சமாளித்துக்கொண்டு, ஹாரனை ஒரு தடவை சும்மா அடித்தார்.

பத்துப் பதினைந்து நாள் இப்படியே ஓடிற்று. அவள் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்தது. அவர் நேராக அர்ச்சுனனிடம் போனார்.

"ஏம்பா, வண்டி ஆட மாட்டேங்குது."

"என்ன பாய்?"

"ஆட்டமே இல்லப்பா. பழைய மாதிரி கொஞ்சம் ஆடணும். சத்தமும் வரணும்."

அர்ச்சுனன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "பாய், நானும் சின்ன வயசுல இருந்து இந்தத் தொழில்ல இருக்கிறேன். வண்டி ஆடுதுன்னு வராத ஆளு இல்ல. ஆடலன்னு வந்தவரு நீங்க ஒருத்தர்தான்." சிரிக்கப் போனவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். ஷெட்டுக்கு அக்கா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பேசாமல் படுத்து அடியில் போனான். எஞ்சினுக்கு அடியில் வைத்திருந்த மெத்தென்ற ரப்பர்களைக் கழற்றிவிட்டுப் பழைய கெட்டி ரப்பர்களை வைத்தான். ஒரு போல்ட்டை முழுசாக இறுக்காமல் விட்டான். இந்தப் பாவம் என் தலையில்தான் என்று முணுமுணுத்தான்.

மறுநாள் வேன் குளிர்ஜுரம் கண்டது போல நடுங்கிக்கொண்டு கிளம்பியது. கதவு தடதடத்தது. கண்ணாடி கிடுகிடுத்தது. பின்னால் டிரேக்கள் ஒன்றோடொன்று மோதி ஒரு கல்யாண வீட்டுப் பாத்திரச் சத்தம். காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம், கூனிமேடு. சைபுன்னிசா முந்தானையை எடுத்துவிட்டு மேலே இருந்த கைப்பிடியை இறுக்கப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாஞ்சாலை டிரேயை வாங்கி, துணியை விலக்கிப் பார்த்து, முதல்முறையாக அந்த வேன் பக்கத்தில் நின்று குரலை உயர்த்தினாள்.

"இன்னா பாய் இது? ரஸ்க்கு கேட்டா தூளு குடுக்கிறீங்க?"

அவர் வண்டியை எடுத்தார். உப்பளம் வந்ததும் சைபுன்னிசா சொன்னாள். "ஏங்க, வண்டியில என்னமோ லூஸா இருக்குது. அர்ச்சுனன்கிட்ட காட்டிட்டுப் போலாம்."

"நான்தான் லூஸு பண்ணச் சொன்னேன்."

"எதுக்கு?"

அவர் ஓரமாக நிறுத்தினார். அணைத்தார். "நீ தூங்கறதுக்குத்தான். பழசு ஆடும்ல. அந்த ஆட்டத்துலதானே தூங்கின."

அவள் அவரையே பார்த்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வரப்பில் இரண்டு நாரைகள் நின்றன. அவளாகப் பேசட்டும் என்று அவர் அந்த நாரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டத்துல யாருங்க தூங்குவா?" என்றாள் கடைசியில். "அந்தச் சத்தம் கேட்டுக்கினே இருந்தா நீங்க முழிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். ஒருத்தர் முழிச்சிருந்தா போதும்ல. மத்தவங்க தூங்கலாம். இத்தினி வருஷமா நம்ம வீட்ல அந்த ஒருத்தர் நான்தானே?"

அவர் நாரைகளை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"கதவு சாத்தினோமா, கேஸ் அணைச்சோமா, புள்ளைங்க மூச்சு விடுதா, எல்லாம் நான்தான பாக்கணும். தானேன்னு பொயலு வந்தப்ப ஓடு பறந்துச்சு. புள்ளைங்கள கட்டிலுக்கு அடியில போட்டுட்டு, விடியற வரைக்கும் கதவுக்கு முதுகு குடுத்து நின்னேன். அப்ப போன தூக்கம்."

"போன்ல சொல்லவே இல்லியே. காத்து கொஞ்சம் ஜாஸ்தின்னுதான சொன்ன?"

"சொன்னா நீங்க அங்க தூங்க மாட்டீங்களே." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "இப்ப வீட்டுல எனக்கு முன்னாடி நீங்க தூங்கிடறீங்க. மறுபடியும் நான்தான் காவலு. இந்த வேன்லதான் உங்ககிட்ட குடுத்துட்டு நான் தூங்குவேன். இப்ப இதுவும் சத்தமில்லாம போவுது. கண்ண மூடினா பக்கத்துல ஆளு இருக்குதா இல்லியான்னே தெரியல. தொறந்து பாக்கத் தோணுது."

சவுதியில், தமாமில், எட்டு பேர் படுக்கிற அறையில், ஏசி குளிரில், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் தூங்கிய ஒவ்வொரு தூக்கமும் அவளுடையது. அவள்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்பது அவருக்கு வராது. கேட்டாலும் அவளுக்குப் பிடிக்காது. சும்மா ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, தன் சீட்டை மடக்கி, கருவிப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து அர்ச்சுனன் இறுக்காமல் விட்ட போல்ட்டைத் தன்னால் ஆன மட்டும் இறுக்கினார். கையில் கறை பட்டது. வண்டியை எடுத்தார். நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைக் கனைத்தார்.

"அதோ ஒரு லாரி வருது," என்றார்.

"தெரியுது."

"உப்பு லோடு."

"சரி."

இன்னும் கொஞ்ச தூரம். "இந்தப் பக்கம் தண்ணி இன்னும் காயல போல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பேசுகிற ஆள் இல்லை. தமாமிலிருந்து பேசிய இத்தனை வருஷப் பேச்சும் சாப்பிட்டியா, புள்ளைங்க படிக்குதா, வேற ஒண்ணும் இல்லியே என்பதற்குள் முடிந்துவிடும். வேற ஒண்ணும் இல்லியே என்றால் போனை வைக்கப்போகிறார் என்று அர்த்தம். அவள் முந்தானையை இழுத்துக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

"லாரியெல்லாம் வேணாம். அங்க நடந்தது ஏதாச்சும் சொல்லுங்க. நான் உம் கொட்டறேன்."

அங்கே என்ன நடந்தது? அவர் யோசித்தார். பஸ் ஓட்டினோம், தூங்கினோம், பஸ் ஓட்டினோம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றுதான் எப்போதும் நினைத்திருந்தார். ரோடு நேராகப் போயிற்று. பாத்திகளில் வெயில் கண்ணைக் கூசியது. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து, கேட்காமலேயே, ஒன்று வந்தது.

"ஒருநாளு அங்க மழ பேஞ்சுது," என்றார்.

"ம்."

"ஷிஃப்டு முடிச்ச ஆளுங்கள கேம்ப்புக்குக் கூட்டிக்கினு வர்றேன். நாலு பக்கமும் மணலு. திடீர்னு கண்ணாடில சொட்டு விழுது. மொதல்ல எனக்கு இன்னாதுன்னே புரியல. வைப்பர் எங்க இருக்குதுன்னு தேடுறேன். அத போட்டே வருஷக்கணக்கு ஆவுது."

"ம்."

"பின்னாடி இருந்து ஒருத்தன் பஸ்ஸு தகரத்துல டமடமன்னு அடிக்கிறான். நிறுத்துன்னு. வழியில நிறுத்தக் கூடாது. ஃபோர்மேன் பாத்தா அவ்ளோதான். நான் நிறுத்திட்டேன். கதவு தொறந்தேன். எல்லாரும் எறங்கிட்டாங்க சைபு. நேப்பாளி, பெங்காலி, மலையாளத்தான், நம்மாளுங்க, எல்லாரும். ஒருத்தன்கூட பேசல. அப்படியே மூஞ்ச மேல தூக்கிக்கினு நிக்கிறாங்க."

"...ம்."

"நானும் எறங்கிட்டேன். சட்டையெல்லாம் தொப்பலா ஆயிடுச்சு. ஒருத்தன் ஷூவ கழட்டி அதுல தண்ணி புடிக்கிறான். எதுக்குன்னு அவனுக்கே தெரியாது. ரூமுக்கு வந்ததும் உனக்கு போன் போட்டேன். இதச் சொல்லணும்னுதான் போட்டேன். நீ எடுத்த. நான் கேஸ் வந்துச்சான்னு கேட்டேன்."

உம் வரவில்லை. அவர் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. உம் கொட்டுகிறவர் நிறுத்திவிட்டால் கதை சொல்கிறவரும் நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் வழக்கம். அவர் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. மழையில் நிற்கும்போது தனக்கு என்ன தோன்றிற்று என்பதை, இதுவரை தனக்கே சொல்லிக்கொள்ளாததை, ஒவ்வொன்றாக எடுத்து அந்த வெளிச்சத்தில் வைத்துக்கொண்டே போனார். தலையில் உப்புக் கூடைகளோடு ஒரு வரிசைப் பெண்கள் வரப்பிலிருந்து ஏறி ரோட்டைக் கடந்தார்கள். வேனை நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டார். லேசான நடுக்கத்தைத் தவிர எஞ்சின் சத்தமே இல்லை. அவர் குரல் மட்டும் திறந்த ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"நிக்கவே இல்ல சைபு. நல்லா புடிச்சுக்கிச்சு மழ."

கடைசியாகக் கடந்துகொண்டிருந்த பெண்ணின் காதில் அது விழுந்தது. வாரிக் குவித்த உப்பு அவ்வளவும் வெட்டவெளியில் கிடந்தது. அவள் சடக்கென்று ரோட்டு நடுவில் நின்று, கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பதறிப்போய் வானத்தைப் பார்த்தாள்.